ஒருவருக்கு மட்டும் இடம்

இன்சூரன்ஸ் எடுக்கும் வேலை மெட்டில்டாவின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அந்த வீட்டில் பொடி எழுத்தைப் பொறுமையாகப் படிக்கக்கூடியவள் அவள்தான். கணவர் எட்மண்ட் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவர். படிப்பது எப்போதும் அவருக்குக் கீழே இருந்தவர்களின் வேலை. மெட்டில்டா குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். விடைத்தாளின் கடைசி வரிவரைக்கும் படிக்காமல் மதிப்பெண் போட்டதில்லை.

போகப்போவது நேபாளத்துக்கு. எவரெஸ்ட் அடிவாரம்வரைக்கும் நடை. எட்மண்டுக்கு ஓய்வுக்குப் பிறகு வந்த ஆசை அது. காலையில் கூட நடக்கும் ஸ்ரீரங்கன் போய்விட்டு வந்து, பனிமலைக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிற படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். ஸ்ரீரங்கனால் முடிந்தது தன்னால் ஏன் முடியாது என்று எட்மண்டுக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் பச்சைமலையில் ஏறி இறங்கினார். மெட்டில்டாவும் கூடவே ஏறினாள். பாதி வழியில் அவர் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, அவள் உச்சிக்குப் போய் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையையும் அதைச் சுற்றி நெருக்கியடித்துக் கிடக்கும் தாம்பரத்தையும் பார்த்துவிட்டு இறங்கி வந்து அவரோடு சேர்ந்துகொள்வாள்.

பயணத்தை ஏற்பாடு செய்தவன் விக்கி. அவர்கள் மகள் அபிகாயிலோடு கல்லூரியில் படித்தவன். குரோம்பேட்டையில் ஒரு பேக்கரி மாடியில் அறை எடுத்து, வருஷத்துக்கு நாலைந்து முறை ஆட்களை மலைக்குக் கூட்டிப் போவதைத் தொழிலாக வைத்திருந்தான்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க ஆன்ட்டி" என்றான் விக்கி. "சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் இந்த மாதிரி எடத்துக்கு உதவாது. ஆஸ்பத்திரி செலவு குடுப்பான். ஆனா ஆஸ்பத்திரி இருக்கிற எடத்துக்கு உங்களை யாரு கொண்டுபோறது? அங்க ரோடே கெடையாது. ஹெலிகாப்டர் ஒண்ணுதான். அதுக்கு கவர் இருக்கான்னு பாருங்க."

மெட்டில்டா பார்த்தாள். ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியின் விதிகளையும் படித்தாள். பெரும்பாலானவை மலை ஏற்றத்தையே ஒதுக்கி வைத்திருந்தன. சில குறிப்பிட்ட உயரம்வரைக்கும்தான் செல்லும். இவர்கள் போகிற இடம் அதற்கு மேலே இருந்தது. சிலவற்றில் ஹெலிகாப்டருக்கு நாமே முதலில் காசு கட்ட வேண்டும், பிறகு ரசீதை அனுப்பினால் யோசித்துச் சொல்வார்கள். ஒரு கம்பெனிக்கு போன் செய்து எவ்வளவு உயரம்வரைக்கும் பாதுகாப்பு உண்டு என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்த பெண், "எத்தனாவது மாடி மேடம்?" என்று கேட்டாள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அந்த மலைப் பாதை முழுவதற்கும் செல்லும். ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும், கம்பெனியே ஹெலிகாப்டரை அனுப்பும். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு. விலைதான் அதிகம். இரண்டு பேருடைய பெயரையும் அதில் போட்டுவிட்டு எட்மண்டைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"எனக்குச் சரி. எனக்கு பி.பி. இருக்கு, சுகர் இருக்கு. உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பிளான்?"

"உயரம் யாரை அடிக்கும்னு சொல்ல முடியாதுங்க. நல்லா இருக்கிறவங்களுக்கே நுரையீரல்ல தண்ணி கோத்துக்குமாம். விக்கியும் ரெண்டு பேருக்கும் ஒரே பிளான்தான் போடச் சொன்னான்."

"விக்கிக்கு அதுல ஏதாவது வரும். நீ குதிரை மாதிரி இருக்க. பச்சைமலைல நாக்கு தள்ளி உட்கார்றது நானா, நீயா? உனக்குச் சாதாரணமா ஒண்ணு போடு, போதும். அந்த வித்தியாசத்துக்கு ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிடலாம்."

அவர் சொன்னது தப்பு என்று மெட்டில்டாவுக்குத் தெரியும். இத்தனை வருஷம் காற்றழுத்தத்தைக் கரும்பலகையில் போட்டு விளக்கியவள் அவள். ஆனாலும் 'குதிரை மாதிரி' என்ற சொல் எங்கேயோ இனித்தது. அவர் அவளை ஏதாவது ஒன்றில் தன்னைவிட ஒரு படி மேல் என்று சொல்வது அபூர்வம். அந்த இனிப்பில் வாதாட மனம் வரவில்லை. தன் பெயரை அந்தத் திட்டத்திலிருந்து அவளே எடுத்தாள். தனக்கென்று சாதாரணமான ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் செலவு, தொலைந்த பெட்டி, தாமதமான விமானம் எல்லாம் அதில் உண்டு. ஹெலிகாப்டர் இல்லை.

ஜாக்கெட்டும் வாங்கினார்கள். எட்மண்டின் அளவில்.

விக்கியைத் தவிர ஆறு பேர் கிளம்பினார்கள். முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. ஆற்றின் மேல் தொங்கும் பாலங்கள், மணி கட்டிய எருதுகள், கல் வீடுகள். எட்மண்ட் தினமும் படம் எடுத்து தேவாலயச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். மெட்டில்டா முன்னால் நடந்தாள். அவர் பின்னால் வந்தார். மற்ற நாலு பேரும் இளைஞர்கள். அவர்கள் வேகத்துக்கு இவர்களால் ஈடு கொடுக்க முடியாததால், விக்கி அவர்களோடு ஒருநாள் தூரம் முன்னால் போனான். இவர்களோடு டாவா என்ற நேபாள வழிகாட்டியும், சாமான் தூக்கும் மிங்மாவும் இருந்தார்கள். டாவா முகாம்களில் பழகிய ஆங்கிலம் பேசினான். அதிகம் பேச மாட்டான். காலையும் மாலையும் அவர்கள் விரலில் சின்னக் கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்பான்.

மரங்களே இல்லாத உயரத்தில் இருந்த ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்த அன்று மெட்டில்டாவுக்குத் தலை கனத்தது. மறுநாள் இருமல் வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். எட்மண்டுக்கும் தலைவலி. ஒருமுறை வாந்தி எடுத்தார். டாவா இருவர் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்தான். அவர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, கருவியைக் கழற்றி வேறு விரலில் மாட்டி இன்னொரு முறை பார்த்தான்.

"சார், கீழே போக வேண்டும். மேடத்துக்கு நல்லதில்லை. ஹெலிகாப்டருக்குச் சொல்லுங்கள்."

எட்மண்ட் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்காரரின் போனிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டார். மெட்டில்டா திண்டில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் ரத்த அழுத்தத்தைச் சொன்னார், வாந்தியைச் சொன்னார், நெஞ்சில் ஏதோ அழுத்துவதுபோல இருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கடைசி விஷயத்தை அவர் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. காலையில் வானம் தெளிவாக இருந்தால் வருவார்கள்.

"என் வொய்ஃபும் இருக்காங்க" என்று பிறகு சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, அவங்களுக்கு வேற பாலிசி." மறுபடியும் ஏதோ சொன்னார்கள். போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"துணைக்கு ஒருத்தர் கூட ஏறிக்கலாமாம், எடம் இருந்தா. நீ துணையா வந்துடு. கவலைப்படாத."

அது நியாயமாகத்தான் இருந்தது. மெட்டில்டா அதை நம்பித்தான் விடியும்வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஹெலிகாப்டர் வந்தது. டாவாவும் மிங்மாவும் அவளை இரண்டு பக்கமும் தாங்கி, விடுதிக்குப் பின்னாலிருந்த சமதளத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதன் இறக்கைகள் சுழல்வது நிற்கவில்லை, பனித்தூள் முகத்தில் அடித்தது. உள்ளே ஏற்கெனவே ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். இன்னும் மேலே எங்கிருந்தோ தூக்கி வந்த வெள்ளைக்காரர். கூட ஒரு ஆள் முழங்காலிட்டு அவர் முகத்தில் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். விமானி கதவைத் திறந்து ஒரே ஒரு விரலைக் காட்டினார்.

டாவா அவரிடம் ஓடிப் போய்ப் பேசினான். திரும்பி வந்து எட்மண்டின் காதருகே கத்தினான்.

"ஒருவருக்கு மட்டும்தான் இடம். இந்த உயரத்தில் அதற்கு மேல் கனம் தூக்காது. மேடத்தை அனுப்பலாம் சார். மேடத்துக்குத்தான் மோசம். உங்களால் நடக்க முடியும். நான் கூட்டிப் போகிறேன். இருட்டுவதற்குள் கீழே இருப்போம்."

"அப்ரூவல் என் பேர்ல இருக்கு" என்றார் எட்மண்ட்.

"அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் சார். கிரெடிட் கார்டு கொடுத்தால் போதும்."

"உனக்குப் புரியல. அவ ஏறினா கம்பெனி ஒரு பைசா குடுக்க மாட்டான். அப்புறம் எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னொண்ணும் அனுப்ப மாட்டான்."

டாவா அவளைப் பார்த்தான். எட்மண்டும் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற, மெட்டில்டா?"

அவள் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. கைக்குட்டையில் துப்பியது இளஞ்சிவப்பாக, நுரையாக இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். அவளால் பேச முடியாது என்பது அந்த இடத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளைக் கேட்ட அவருக்கும் தெரிந்திருந்தது.

விமானி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நான் போய் எல்லாம் ஏற்பாடு பண்றேன்" என்றார் எட்மண்ட். "பின்னாலயே உனக்கு ஒண்ணு அனுப்புறேன். பயப்படாத." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். வாந்தி எடுத்தவர், நெஞ்சை அழுத்துகிறது என்றவர், அந்தப் பனியில் நன்றாகவே ஓடினார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகு கண்ணாடி வழியாகக் கையை அசைத்தார். எழும்பூர் போகும் ரயிலில் ஏறிவிட்டு ஜன்னல் வழியாக அசைப்பாரே, அதே மாதிரி.

பின்னால் எதுவும் வரவில்லை. வானம் நீலமாக, துடைத்துவிட்டதுபோல இருந்தது. அவர்கள் வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். டாவா விடுதிக்காரரின் போனில் மூன்று பேரிடம் பேசினான். உச்சிவேளை தாண்டியதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூங்கில் கூடை ஒன்றை எடுத்து வந்தான். சுமை தூக்குபவர்கள் நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் தூக்குகிற கூடை. அதன் ஒரு பக்கத்தைக் கத்தியால் வெட்டி, கால் தொங்கப்போட இடம் செய்தான். அவளைப் போர்வையால் சுற்றி அதில் உட்கார வைத்தார்கள்.

டாவாவும் மிங்மாவும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். கூடையில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். அதனால் அவளுக்கு வழி தெரியவில்லை; விட்டு வந்த மலைதான் தெரிந்தது. சுமப்பவனின் மூச்சு முதுகு வழியாக அவளுக்குள் இறங்கியது. காலையில் பனியில் நின்றதில் காலணிக்குள் ஈரம் புகுந்திருந்தது. தொங்கிய கால்களில் காற்று அடித்தது. முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு இடது பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்கிற அளவுக்கு மூச்சு இல்லை.

இருட்டும் நேரத்தில் மருத்துவர் இருக்கிற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பிராணவாயு கொடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். இறங்க இறங்க நுரையீரல் தெளிந்துவிட்டது. இடது காலின் இரண்டு விரல்கள் மட்டும் கறுத்துவிட்டன. காட்மாண்டு ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்தார்கள். அந்தச் செலவை அவளுடைய சாதாரணத் திட்டம் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தது.

எட்மண்ட் அவளைப் பார்க்க அங்கே வந்தார். அவருக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, மலைத் தலைவலி என்று சொல்லி ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்கள். சவரம் செய்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை.

"பாத்தியா? எறங்கினா சரியாயிடும்னு நான் சொன்னேன்ல" என்றார்.

அவர் அப்படி அவளிடம் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. யாரிடம் சொன்னார் என்பது இரும்புலியூர் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

விக்கி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எட்மண்ட் வங்கிக்குப் போயிருந்த நேரம். விக்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நீ எங்கப்பா இருந்த?" என்று கேட்டாள் மெட்டில்டா.

"மேல இருந்தேன் ஆன்ட்டி. சிக்னல் வந்ததும் டாவா சொன்னான். உடனே காட்மாண்டுல ஹெலிகாப்டர் ஆளுங்ககிட்ட பேசினேன். அவங்க ரெடியா இருந்தாங்க. காசுக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும், அவ்வளவுதான்."

"அப்புறம்?"

விக்கி ஆப்பிள் பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

"சொல்லு விக்கி. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அங்கிளுக்குப் போன் பண்ணேன் ஆன்ட்டி. அப்ப அவரு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. கார்டு நம்பர் குடுங்க அங்கிள், மத்ததை நான் பாத்துக்கறேன்னேன். அவரு எவ்வளவு ஆகும்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்சம் பொறு, டாவாதான் கூட இருக்கானே, எறங்கினாலே சரியாயிடும்னு டாக்டரே சொல்றாருன்னாரு. நான் மறுபடி மறுபடி பண்ணேன். எடுக்கல. என் கார்டுல அவ்வளவு லிமிட் இல்ல ஆன்ட்டி. இருந்திருந்தா..."

"ஆப்பிளை ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுப் போப்பா" என்றாள் மெட்டில்டா.

அன்று எட்மண்ட் வந்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்வார். அந்தப் பதில் சரியாகத்தான் இருக்கும். இறங்கினாள், சரியாகிவிட்டது. டாக்டர் சொன்னதுதானே நடந்தது?

பார்க்க வந்தவர்களிடம் எட்மண்ட் அந்தக் கதையைச் சொன்னார். முதலில் தயங்கித்தான் சொன்னார். நாளாக நாளாகக் கதைக்கு மெருகு ஏறியது. ஹெலிகாப்டரின் சத்தம், விமானியின் திறமை, மேகத்துக்கு மேலே தெரிந்த சிகரங்கள். உடனடியாகக் கீழே போய் மனைவிக்கு உதவி ஏற்பாடு செய்வதற்காகத்தான் அவர் ஏறினார் என்ற வரி எப்போது உள்ளே வந்தது என்று மெட்டில்டாவுக்குத் தெரியவில்லை. ஒருநாள் காப்பித் தட்டோடு வரும்போது கேட்டாள். அதற்குப் பிறகு அது இல்லாமல் கதை இல்லை. இன்சூரன்ஸ் எடுப்பதன் அவசியத்தைப் பற்றியும் வந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அவள் நடக்கத் தொடங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சபையில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். எட்மண்ட் முன்னால் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். மரண இருளின் பள்ளத்தாக்கில் நடந்ததையும், கர்த்தர் தக்க சமயத்தில் ஹெலிகாப்டரை அனுப்பியதையும் சாட்சியாகச் சொன்னார். நன்றாகப் பேசினார். பெண்கள் பக்கத்தில் எதிர்வீட்டு அருள்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆயர், "சகோதரியும் ஒரு வார்த்தை சொல்லலாமே" என்றார்.

மெட்டில்டா எழுந்து நின்றாள். முன்னால் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே பேசினாள். வகுப்பறைக் குரல். ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"அந்த ஹெலிகாப்டர்ல நான் வரல. ஒரு ஆளுக்குத்தான் எடம் இருந்தது. என்னை ரெண்டு பேரு கூடைல வச்சு முதுகுல சுமந்துட்டு வந்தாங்க. ஒருத்தர் பேரு டாவா, இன்னொருத்தர் மிங்மா. ஜெபத்துல அவங்க பேரையும் சேர்த்துக்குங்க."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தாமதித்து ஆர்கன் வாசிப்பு தொடங்கியது.

வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்தியதும் எட்மண்ட் தொடங்கினார்.

"சபைல வச்சு என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நான் உங்களைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலையே."

"அதான் எல்லாம் சொல்லிட்டியே. ஒரு ஆளுக்குத்தான் எடம்னா என்ன அர்த்தம்? எனக்கு பி.பி., மெட்டில்டா. நெஞ்சு அழுத்துச்சு. ரெண்டு பேரும் அங்கேயே கெடந்து செத்திருக்கணுமா? உனக்கு அந்த பிளானை நான் வேண்டாம்னா சொன்னேன்? நீதான உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்ச? நீதான உன் பேரை எடுத்த?"

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

"அப்புறம்?"

"விக்கி போன் பண்ணப்ப ஏன் எடுக்கல?"

அவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார். ஒருமுறை விழுந்தது, குனிந்து எடுத்து மறுபடியும் மாட்டினார்.

"அவன் சின்னப் பையன்" என்றார். "பதட்டத்துல எதையாவது பேசுவான்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மெட்டில்டா கீழ்க்கட்டளையில் இருக்கும் அபிகாயில் வீட்டுக்குப் போனாள். மருமகன் ஆரோன் நல்ல பையன். ஒன்றும் கேட்காமல் தன் வேலை அறையை ஒழித்துக் கொடுத்தான். அபிகாயில் எல்லாவற்றையும் கேட்டாள், அழுதாள், அம்மாவின் காலைத் தடவிக் கொடுத்தாள். சில வாரங்கள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"டாடி பயந்துட்டாரு மம்மி. அவ்வளவுதான். பயத்துல யாரு என்ன செய்வாங்கன்னு சொல்ல முடியாது. இப்ப டெய்லி போன் பண்ணி அழறாரு. வெளில சாப்பிட்டு சுகர் ஏறிடுச்சு. நீங்க கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகலாம்ல?"

"போன்ல பயம் எங்கேருந்து வந்துச்சு, அபி? அப்ப அவரு ஆஸ்பத்திரில கட்டில்ல இருந்தாரு."

அபிகாயில் குழாயை மூடினாள். "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? அவரும் எனக்கு அப்பாதான."

அது உண்மைதான். அதற்கு மேல் மகளை இழுக்க அவளுக்கு மனமில்லை. மறுநாளே திரும்பிவிட்டாள். விட்டுக்கொடுத்து அல்ல, இரும்புலியூர் வீடு அவள் சம்பளத்திலும் எழும்பிய வீடு, அதை விட்டு அவள் ஏன் அலைய வேண்டும் என்று தோன்றியதால். அபிகாயில் கல்யாணத்துக்கு முன் இருந்த அறையில் தன் துணிகளை அடுக்கிக்கொண்டாள். சமைத்தாள். அவர் மாத்திரைகளை எடுத்து வைத்தாள். சர்க்கரை பார்க்கும் நாளை நினைவூட்டினாள். அவரோடு காரில் எங்கேயும் போவதில்லை. அவர் எட்டரை மணி ஆராதனைக்குப் போனார்; அவள் அதிகாலை ஆராதனைக்கு ஆட்டோவில் போனாள். சபையில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. எட்மண்டும் கொஞ்ச நாளில் பழகிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

கோடை வந்தது. கிணறு வற்றி, தெருவில் எல்லாரும் தண்ணீர் லாரிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று காலை லாரி வந்தபோது மெட்டில்டா வாசலில் நின்றாள். ஓட்டுநர் ஜெயவேலு குழாயை இழுத்து வந்து தரைத்தொட்டிக்குள் விட்டான். தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

உள்ளேயிருந்து எட்மண்ட் கூப்பிட்டார். "மெட்டில்டா."

அவளுக்குக் கேட்டது. குரலில் ஏதோ வித்தியாசம் இருப்பதும் தெரிந்தது.

"மெட்டில்டா... நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் வா."

ஜெயவேலு நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, அய்யா கூப்புட்றாரு போல கீது. நீ போம்மா, நான் பாத்துக்கினு இருக்கேன்."

"ம்" என்றாள்.

ஆனால் போகவில்லை. தொட்டியின் வாயில் தண்ணீர் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போக வேண்டும் என்று தெரிந்தது. கால்தான் எழவில்லை. கோபமும் வரவில்லை, பழைய காட்சி எதுவும் கண்ணில் வரவில்லை. தண்ணீர் மேலேறி வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் மூன்றாவது முறை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. தொட்டி நிரம்பி ஜெயவேலு குழாயைச் சுருட்டிக் காசு வாங்கிக்கொண்டு, அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு லாரியில் ஏறிய பிறகு, மூடியை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனாள்.

எட்மண்ட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில். அவளைப் பார்த்தார். மெட்டில்டா தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவைக் கூப்பிட்டு, தோளில் தாங்கி ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மதியம்வரைக்கும் வைத்திருந்தார்கள். வாயு என்று சொன்னார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. எட்மண்ட் ரொம்ப நேரம் ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கூப்பிட்டேனே" என்றார். "லாரி சத்தத்துல கேக்கலையா?"

அவள் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இருவருக்கும் சௌகரியம்தான்.

"கேட்டுச்சு" என்றாள் மெட்டில்டா.

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஈ.சி.ஜி. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். முன்னால் வண்டிகள் நகர்ந்தன, ஆட்டோ கிளம்பியது.